அறந்தாங்கி வீடு (குடும்பக் குழு)

பெரியப்பா: ஊரிலிருந்து செல்வம் கூப்பிட்டான். டீசல் எஞ்சின் கட்டுப்படியாகவில்லையாம், சோலார் பம்ப் போடப் போகிறான். பினாங்குக்காரர்களும் பங்கு போட வேண்டுமாம்.

கலா அக்கா: எவ்வளவு

பெரியப்பா: சொல்லவில்லை

தீபன்: போர்வெல் கணக்கே இன்னும் வரவில்லை

மாலா அத்தை: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம் தீபா

குணா அண்ணன்: எல்லாரும் கேளுங்கள். இந்தியாவில் 2019-இல் சோலார் பம்புக்கு மானியம் தரும் குசும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையிடம் எழுதிப் போட வேண்டும். மானியம் 60 சதவீதம். பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. செல்வம் கட்ட வேண்டியது 40 தான். விண்ணப்ப நகலை அனுப்பச் சொல்லுங்கள், அப்புறம் காசு.

பெரியப்பா: மானியம் பற்றி அவன் வாயே திறக்கவில்லையே

கலா அக்கா: திறப்பானா

தீபன்: ராத்திரி எப்படி ஓடும்? பேட்டரியா?

குணா அண்ணன்: பேட்டரி தேவையில்லை. பகலில் இறைத்துத் தொட்டியில் நிரப்பிக்கொள்ளலாம். மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதைவிடத் தண்ணீரைச் சேர்த்து வைப்பது மலிவு. 5 எச்.பி. மோட்டார் என்றால் 3.7 கிலோவாட். பேனல் மட்டும் சுமார் 5 கிலோவாட்டுக்குப் போடுவார்கள். காலையிலும் மாலையிலும் வெயில் குறைவு, சூடு ஏறினால் பேனலும் படுத்துவிடும். தெற்கே பார்த்துச் சாய்க்க வேண்டும். தூசி, காக்கை எச்சம் எல்லாம் துடைக்க வேண்டும்.

கலா அக்கா: கரண்ட் வேலை பார்த்த நம்ம சார்ஜ்மேன் குணா இன்னும் ரிட்டையர் ஆகவே இல்லை

மாலா அத்தை: யார் துடைப்பது? செல்வம் வீட்டு ஒட்டடையே அடிக்க மாட்டான். அது கிடக்கட்டும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் போடும் மோர்ப் பந்தலுக்கு ஐஸ் யார் பொறுப்பு?

குணா அண்ணன்: இன்னும் முடிக்கவில்லை. டீசலுக்குக் காசு போகிறதே என்று அளவாக இறைத்தான். வெயிலுக்குப் பில் வராது. நாள் முழுக்க ஓட்டினால் போர்வெல் தாங்காது. குஜராத்தில் டுண்டி என்ற ஊரில் விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, மிச்ச மின்சாரத்தை 2016 முதல் விற்றார்கள். வீணாக இறைப்பதைவிட விற்பது லாபம். இவனுக்கு அந்த வசதி இல்லை. சொட்டுநீர் போடட்டும், நான் தருகிறேன்.

பெரியப்பா: அவன் போடுவது நெல்லப்பா

குணா அண்ணன்: கடலை போடட்டும்

கலா அக்கா: பட்டர்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு அங்கே என்ன பயிர் என்று முடிவு செய்கிறோம் லா

மாலா அத்தை: ஆளுக்கு 300 ரிங்கிட் போட்டால் போதுமா அண்ணே?

பெரியப்பா: தைப்பூசம் முடியட்டும். முதலில் ஆறு வீடா ஏழு வீடா சொல்லுங்கள்

தீபன்: கிள்ளான் சித்தப்பா இந்தக் குழுவிலேயே இல்லை

பெரியப்பா: யார் நீக்கியது?

கலா அக்கா: ஐஸ் எத்தனை மூட்டை சொல்ல வேண்டும்?