முடக்குவாதத்தோடு வீட்டு வேலை: வலியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஈரோட்டுக்காரி:
எனக்கு 38 வயது. போன வருஷம் விரல் மூட்டெல்லாம் வீங்கி, ரத்தப் பரிசோதனையில் ஆன்டி சிசிபி (இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் என்று வந்து, முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய் என்று சொல்லிவிட்டார்கள். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் என்கிற வாத மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட். வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது, ஆனால் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடிவதில்லை, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியதும் அந்த நேரத்தில்தான். தேங்காய் துருவுவது, ஈரத்துணி பிழிவது, குக்கர் மூடி திறப்பது மூன்றும் உயிர் போகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதால் வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. சொந்தக்காரர் ஒருவர் ஒரு பொடி சொல்கிறார், மூன்றே நாளில் வலி நின்றுவிடுமாம். இதே நோயோடு இருப்பவர்கள் அன்றாடம் எப்படி ஓட்டுகிறீர்கள்?

மதுரை அக்கா:
தங்கச்சி, எனக்கும் இதேதான், பல வருஷமாக. எழுந்ததும் அடுப்படிக்குப் போகாதே. ஒரு அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி இரண்டு கையையும் மணிக்கட்டு வரை முக்கி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெதுவாக மடக்கி விரி, பத்து நிமிஷத்தில் கொஞ்சம் இளகும். காய் நறுக்குவதை முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடு, நமக்குக் கை ஓரளவு ஓடுவது அப்போதுதான். தேங்காயை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைத் துருவச் சொல்லி சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் வைத்துக்கொள். துணியைப் பிழியவே வேண்டாம், சொட்டச் சொட்டக் கொடியில் போடு, காய ஒரு மணி நேரம் கூட ஆகும், ஆகட்டும். பாத்திரத்தை விரலால் பிடித்துத் தூக்காமல் இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்கு, பையை முழங்கையில் மாட்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், வலி குறைந்த நாளில் ஜாக்கிரதையாக இருப்பது. இன்றைக்குத்தான் கை நன்றாக இருக்கிறதே என்று பரணை ஒதுக்கி, போர்வையெல்லாம் துவைத்துப் போட்டால் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியாது. நல்ல நாளிலும் பாதி வேலையோடு நிறுத்து.

பிசியோ, கோவை:
அக்கா சொன்னது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மருந்து எடுத்தும் காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் நோய் இன்னும் முழுசாகக் கட்டுக்குள் வரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இப்படித்தான் இருக்கும் போல என்று பொறுத்துக்கொண்டே போகாதீர்கள், எத்தனை நிமிஷம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றவோ வேறு மருந்து சேர்க்கவோ வழி உண்டு. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் பந்து அமுக்குகிற பயிற்சி வேண்டாம், விரலை லேசாக அசைத்தால் போதும். மணிக்கட்டு வலிக்கு ஸ்பிளின்ட் (மணிக்கட்டை அசையாமல் தாங்கும் பட்டை) நன்றாக உதவும், ஆனால் உங்கள் கைக்கு அளவு பார்த்து வாங்குங்கள். சென்னைப் பக்கம் வந்தால், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

திருச்சியிலிருந்து:
அந்தப் பொடி விஷயத்துக்காகவே எழுதுகிறேன். வேண்டாம் சகோதரி. என் அம்மாவுக்கு இப்படித்தான் ஒருவர் கொடுத்தார், வலி உடனே போனது, அம்மா மாடிப்படி ஏறினார், நாங்களும் சந்தோஷப்பட்டோம். கொஞ்ச மாதத்தில் முகம் உப்பி வட்டமாகிவிட்டது, சர்க்கரை எகிறியது. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் டாக்டர். அதில் இன்னொரு சிக்கல், பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவும் முடியாது, உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும், அதனால் படிப்படியாகத்தான் இறக்கினார்கள். நீங்கள் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டுக்கே ஈரல் பரிசோதனை அவ்வப்போது பார்க்க வேண்டும், அதன் மேல் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றைப் போடாதீர்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரசு சித்தா பிரிவில் போய், இப்போது எடுக்கிற மாத்திரையைக் காட்டிக் கேளுங்கள்.

சேலத்து மாப்பிள்ளை:
எனக்கு இல்லை, என் மனைவிக்கு. வீட்டில் புரியவில்லை என்கிறீர்களே, அடுத்த செக்கப்புக்கு கணவரையோ மாமியாரையோ கூட்டிப்போங்கள். வெளியே வீக்கம் தெரியாவிட்டாலும் உள்ளே மூட்டுச் சவ்வு அழற்சியில் இருக்கும் என்று டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்ன பிறகுதான் என் அம்மா அவளை ஏம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை என்று கேட்பதை விட்டார். இப்போது அவள் "இன்னைக்குக் கை சரியில்ல" என்றால் போதும், மேற்கொண்டு கேள்வி கிடையாது, சட்னி நான் அரைப்பேன், டிபன் பாக்ஸ் மூடியை மூத்தவன் போடுவான். எந்தெந்த வேலை யாருடையது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வலியோடு இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கெஞ்ச வேண்டியிருக்காது.