மறுமொழி: டாக் ரேடியோவுக்குப் ‘பேச்சு வானொலி’ மட்டும் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

பாட்டுக்குப் பதில் பேச்சும் நேயர் அழைப்பும் நிறைந்த வானொலியை ஆங்கிலத்தில் டாக் ரேடியோ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை முதலிலிருந்து மறுபடி படித்தேன். பேச்சு வானொலி, உரையாடல் வானொலி, சொல்லாடல் வானொலி, எதிருரை, அப்புறம் நான் முன்வைத்த நேயருரை என்று ஐந்து சொற்கள் இப்போது நிற்கின்றன. ஐந்தும் ஒரே பொருளுக்கான போட்டிச் சொற்கள் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறோம், அதனால்தான் முடிவு வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நிலையம் ஒன்று, நிகழ்ச்சி வேறொன்று, அதில் பேசப்படும் பொருள் இன்னொன்று. மூன்றையும் ஆங்கிலம் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டது என்பதற்காக நாமும் அடக்க வேண்டியதில்லை.

> பேச்சு வானொலி என்றே வைத்துவிடலாம் ஐயா. எளிமையாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும். இதற்கு மேல் ஏன் இழுக்க வேண்டும்?

எளிமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குப் புரிவது எது? பாட்டு இல்லாமல் பேச்சு மட்டும் வரும் நிலையம் என்பதுதான். 1967 முதல் இயங்கும் பிபிசியின் ரேடியோ ஃபோர் அப்படிப்பட்டது: செய்தி, நாடகம், கதை வாசிப்பு, அறிவியல், எல்லாம் பேச்சு. அதைப் பொதுவாக டாக் ரேடியோ என்று அழைப்பதில்லை. 1973-இல் லண்டனில் தொடங்கிய எல்பிசியும் பேச்சு நிலையம்தான், ஆனால் இன்று அதன் உயிர் நேயரின் தொலைபேசி அழைப்பில் இருக்கிறது. இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாத ஒரு சொல் கலைச்சொல்லாகப் பாதி வேலையைத்தான் செய்கிறது. நிலைய வகைக்குப் ‘பேச்சு வானொலி’ இருக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. நேயர் அழைத்துப் பேசும் நிகழ்ச்சிக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இதற்கு மறுப்பும் வந்தது. அமெரிக்காவில் இந்த வகையின் பெரும்புள்ளிகள் பலர் மணிக்கணக்காகத் தாங்களே பேசுகிறார்கள், நேயர் அழைப்பு நடுநடுவே கொஞ்சம்தான் வருகிறது, பிறகு நேயரைப் பெயரில் வைப்பது எப்படிச் சரியாகும் என்று கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, முதலில் படித்தபோது எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. யோசித்தால், இரண்டையும் பிரிக்க அதுவே காரணமாகிறது. தொகுப்பாளர் ஒருவரே தம் கருத்தைச் சொல்லிக்கொண்டு போனால் அது தனியுரை, அந்தச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியில் முதல் அரைமணி தனியுரையாகவும் அடுத்த அரைமணி நேயர் பேசுவதாகவும் இருக்கலாம். சொல் பிரிந்து நின்றால்தான் ‘தனியுரை மிகுந்த நிகழ்ச்சி’ என்று குறை சொல்லவாவது முடியும்.

எதிருரை பற்றி. ஆஸ்திரேலியாவில் இந்த வகைக்கு டாக்பேக் என்று பெயர். தொலைபேசி உரையாடலை ஒலிபரப்ப அங்கே 1967 வரை அனுமதி இல்லை, அனுமதி வந்த பிறகுதான் இது அங்கே வளர்ந்தது. அந்தப் பெயரைப் பார்த்து எதிருரை என்று ஆக்கியிருக்கிறார் நண்பர். எதிரொலி, எதிர்வினை ஆகியவற்றில் பகை இல்லை என்ற அவர் விளக்கம் இலக்கணப்படி சரி. ஆனால் ‘எதிர்த்துப் பேசாதே’ என்று கேட்டு வளர்ந்த காதுக்கு எதிருரை என்றால் சண்டைதான் நினைவுக்கு வரும். நேயர் ஆதரித்தும் பேசலாம், வெறுமனே ஒரு தகவலைச் சொல்லவும் கூப்பிடலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலிபரப்புத் துறையில் டாக்பேக் என்பது கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒலிக்கூடத்தில் இருப்பவரின் காதோடு பேசும் உள்தொடர்புக்கும் பெயர். அதை நேயர் கேட்கவே மாட்டார். ஒரே ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே தமிழ்ச்சொல்லால் மொழிபெயர்த்தால் பின்னால் குழப்பம் வரும்.

சொல்லாடல் வேண்டாம், அது கோட்பாட்டுக் கட்டுரைகளில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. உரையாடல் மிகப் பொதுவான சொல், இருவர் பேட்டியும் உரையாடல்தான்.

இனி நான் சொன்ன நேயருரை. இதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் இந்த ஒரு வரி:

> நேயருரை எழுத்தில் அழகு. ஒலிவாங்கி முன்னால் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘நேருரை’ என்று விழுகிறது. ‘நேரு உரை’ என்றுகூடக் கேட்கும்.

சொல்லிப் பார்த்தேன், பத்து முறைக்கு மேல். அந்த வரியை எழுதிய அம்மையார் சொன்னது உண்மை. வானொலிக்கான சொல் காதால் மட்டுமே அறியப்படும் சொல், எழுத்து அதன் துணைக்கு வராது. ஒலிபரப்பும் ஒளிபரப்பும் எழுத்தில் எவ்வளவு தெளிவு! பேச்சில் லகரமும் ளகரமும் குழைந்துபோனால் எது வானொலி, எது தொலைக்காட்சி என்று இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தவற்றை இன்னொரு முறை தெரிந்தே செய்யக் கூடாது. ஆகவே ‘நேயர் பேச்சு’ என்று இரண்டு சொல்லாகவே வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். ‘இன்றைய நேயர் பேச்சில்’, ‘நேயர் பேச்சு நேரம்’, ‘நேயர் பேச்சு நிகழ்ச்சி’, எல்லாம் வாயில் தடையில்லாமல் வருகின்றன. நேயர் விருப்பம் என்ற பெயரைத் தெரிந்தவர்களுக்கு நேயர் பேச்சு புதிதாகவும் தோன்றாது. விருப்பத்தை மட்டும் சொல்லி வந்த நேயர் இப்போது தம் கருத்தைப் பேசுகிறார், அவ்வளவுதான் வேறுபாடு. இத்தனை நாள் இப்படி ஒரு சொல் தானாகவே நம் வாயில் விளையாததற்கும் காரணம் தெரிகிறது. இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வழங்க அனுமதி இல்லை. 2011 கொள்கையில்கூட அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பத்தான் இடம் கொடுத்தார்கள். அரசியல் பேசும் நிகழ்ச்சி போட்டி போட்டு வளர்ந்திருந்தால் மக்களே ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

பேசுபொருளுக்கு ‘நடப்பு விவகாரங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அது தேர்வு வழிகாட்டியில் வரும் தலைப்பு மாதிரி இருக்கிறது. நாட்டு நடப்பு என்ற சொல் இருக்க, ஏன் அதை விட வேண்டும்? கூடவே ஊர் நடப்பு என்பதும் இருக்கிறது. குடிநீர், சாலை, உள்ளாட்சித் தேர்தல் ஊர் நடப்பு; நாடாளுமன்றமும் வரவுசெலவுத் திட்டமும் நாட்டு நடப்பு. இவ்வளவு துல்லியமான இரட்டைச் சொல் கையிலிருக்கும்போது புதிதாக ஆக்குவதற்கு எதுவும் இல்லை.

நிகழ்ச்சியை நடத்துபவர் தொகுப்பாளரா நெறியாளரா என்ற கேள்விக்கு என் கருத்து: நெறியாளர் என்ற சொல்லைக் கவனமாகக் கொடுக்க வேண்டும். இருதரப்பையும் பேசவிட்டு நேரத்தைப் பார்த்துக்கொள்பவர் நெறியாளர். அமெரிக்காவில் 1949 முதல் நியாயக் கோட்பாடு என்று ஒரு விதி இருந்தது. சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளைப் பேச வேண்டும், மாறுபட்ட கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று அது நிலையங்களுக்குச் சொன்னது. 1987-இல் அதைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டே வலதுசாரித் தொகுப்பாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது, ஒரு பக்கம் சாய்ந்து பேசுவதே ஒரு பாணியாக வளர்ந்தது. அப்படிப் பேசுபவரை நெறியாளர் என்று எழுதினால் அவர் செய்யாத ஒரு வேலைக்கு நாம் நற்சான்று கொடுத்தது போலாகும். தொகுப்பாளர் போதும்.

நேயர் அழைப்புகளை முதலில் எடுத்துப் பேசும் ‘கால் ஸ்க்ரீனரு’க்கு இழையில் வந்த அழைப்பு வடிகட்டி என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. வடிகட்டி ஒரு பொருள், இவர் ஒரு மனிதர். அழைப்பவரிடம் பெயரும் என்ன பேசப்போகிறீர்கள் என்பதும் கேட்டு, குறிப்பெழுதித் தொகுப்பாளரின் திரைக்கு அனுப்புகிறவர். எந்தக் குரல் நாட்டுக்குக் கேட்க வேண்டும், எது வரிசையிலேயே நின்று ஓய வேண்டும் என்பதை உண்மையில் முடிவு செய்பவர் இவர்தான். ‘அழைப்புத் தேர்வாளர்’ என்றால் அந்த அதிகாரம் பெயரிலேயே தெரியும்.

அதே மாதிரி, ஒலிபரப்பைச் சில நொடிகள் பின்தள்ளி வைக்கும் ஏற்பாட்டுக்குக் ‘காப்புத் தாமதம்’ என்கிறேன். வழக்கமாக ஏழு நொடி என்பார்கள். நேயர் வசைச்சொல் ஒன்றைச் சொல்லிவிட்டால் பொத்தானை அழுத்தி அந்த நொடிகளை நீக்கிவிடுவார்கள். வீட்டில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு அழைப்பவர் தன் குரலையே பிந்திக் கேட்டுத் தடுமாறுவது இதனால்தான். ‘ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்’ என்று தொகுப்பாளர் ஒவ்வொருவரிடமும் சொல்வதும் இதனால்தான். வெறும் ‘தாமதம்’ என்றால் கோளாறு என்று நினைப்பார்கள், ‘காப்பு’ சேர்ந்தால் வேண்டுமென்றே வைத்தது என்று புரிகிறது. பொத்தானுக்கு ‘வெட்டுப் பொத்தான்’. தணிக்கை வெட்டு ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஒன்று மட்டும் பாக்கி. ஓரிடத்தில் தயாரித்த நிகழ்ச்சியைப் பல நிலையங்கள் உரிமம் பெற்று ஒலிபரப்புவதற்குச் சொல் வேண்டும். லிம்பாவின் நிகழ்ச்சி நூற்றுக்கணக்கான நிலையங்களில் ஒலித்தது இந்த முறையில்தான். எங்கேயோ இருந்து வரும் அந்தக் குரல் நாட்டு நடப்பைப் பேசும், ஊர் நடப்பைப் பேச அதற்கு வழியில்லை. அந்த நேரத்தில் உள்ளூர்த் தொகுப்பாளருக்கும் வேலையில்லை. ‘பன்னிலைய ஒலிபரப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், வாயால் சொன்னதும் அடித்துவிட்டேன். ‘பல நிலைய ஒலிபரப்பு’ காதுக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் உரிமம் பெறுவது அதில் வரவில்லை. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், எழுதுமுன் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்