லைட்மோட்டிஃப்: 'சுட்டிசை' என்று சொல்லலாமா?

அன்புடையீர்,

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பெராக்களைப் (இசை நாடகங்களைப்) பற்றி எழுதும்போது தவிர்க்க முடியாத சொல் 'லைட்மோட்டிஃப்': ஒரு பாத்திரத்தையோ பொருளையோ எண்ணத்தையோ குறித்து மீண்டும் மீண்டும் வரும் சிறு இசைத்துணுக்கு. அதற்குத் தமிழில் பல்லவி, வழிகாட்டு இசைக்கரு, அடையாள இசை என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை.

பல்லவி கூடவே கூடாது. எத்தனை சங்கதி போட்டாலும் பல்லவி பல்லவிதான். லைட்மோட்டிஃபிலோ ஒன்று வேறொன்றாகவே மாறிவிடுகிறது. வாக்னரின் 'நிபெலுங் மோதிரம்' என்ற நான்கு ஆப்பெரா வரிசையில் முதலாவதான 'ரைன் தங்கம்' ஆப்பெராவின் முதல் காட்சிக்கும் இரண்டாம் காட்சிக்கும் நடுவே, மோதிரத்துக்குரிய இசை சிறிது சிறிதாக இளகி, தேவர்களின் கோட்டையான வால்ஹாலாவின் இசையாகிறது. பறித்த பொன்னில் செய்யும் மோதிரமும் தேவர்களின் பெருமையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை ஒரு சொல்லும் இன்றி வாத்தியக் குழுவே சொல்லிவிடுகிறது.

'வழிகாட்டு' என்பது ஜெர்மன் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. 1876இல் 'நிபெலுங் மோதிரம்' நான்கு ஆப்பெராக்களும் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் முழுமையாக அரங்கேறியபோது, கேட்பவர்களுக்கு அதன் இசையை விளக்கும் கையேடு எழுதிய ஹன்ஸ் ஃபொன் வோல்ட்சோகன்தான் அச்சொல்லைப் பரப்பியவர். வாக்னரோ 1879இல் எழுதிய கட்டுரையில், இளைய நண்பர் ஒருவர் வைத்த பெயர் என்றே அதைக் குறிப்பிடுகிறார். கேட்பவருக்கு வழிகாட்டுவது கையேட்டின் வேலை. இசையின் வேலை வேறு. 'அடையாள இசை' என்றால் வானொலி நிகழ்ச்சியின் முகப்பிசைதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: சுட்டிசை.

அதே வரிசையில் இரண்டாவதான 'வால்க்யூரி' ஆப்பெராவின் முதல் அங்கத்தைப் பாருங்கள். சீக்முண்ட் தன் தந்தையைப் பிரிந்த கதையைச் சொல்கிறான். காட்டில் வெறும் ஓநாய்த்தோல்தான் கிடந்தது, தந்தையைக் காணவில்லை என்று பாடி நிறுத்துகிறான். உடனே வாத்தியக் குழுவிலிருந்து வால்ஹாலா இசை தாழ்ந்த குரலில் எழுகிறது. தந்தை தேவர் தலைவன் வோட்டான் என்பது மகனுக்குத் தெரியாது; நமக்குத் தெரிந்துவிடுகிறது. எதிரில் இல்லாத ஒருவனைப் பெயர் சொல்லாமல் 'அவன்' என்று காட்டுவதை நம் இலக்கணம் சேய்மைச் சுட்டு என்கிறது. இந்த இசை செய்வதும் அதைத்தான்.

இன்னொன்றையும் பிரித்துவிடுவது நல்லது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா டிராவியாட்டா' ஆப்பெராவில் (1853) ஆல்ஃப்ரெடோ முதல் அங்கத்தில் பாடிய காதல் மெட்டு, கடைசி அங்கத்தில் நோயுற்ற வயலெட்டா கடிதம் படிக்கும்போது வயலினில் திரும்புகிறது. அது பழைய மெட்டாகவே, பழைய நாளை எண்ணி வருகிறது. அதற்கு 'நினைவிசை' போதும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வெர்டிக்கும் வாக்னருக்கும் உள்ள வேறுபாடே மறைந்துபோகும்.

'சுடுதல்' என்ற வினையோடு குழம்பாதா என்று சிலர் கேட்கலாம். சுட்டுவிரல், சுட்டுப்பெயர் யாரையும் குழப்பியதில்லை. வாள் சுட்டிசை, மோதிரச் சுட்டிசை என்று அடை சேர்ப்பதும் எளிது. 'இசை' என்பது மிகப் பொதுவாக இருக்கிறது, 'கரு' சேர வேண்டும் என்றால் 'சுட்டிசைக்கரு' என்று நீட்டலாம். ஆனால் கட்டுரையில் பத்து இடத்தில் வரும் சொல் குறுகியிருப்பதே நல்லது என்பது என் எண்ணம். இசை கற்பிக்கும் நண்பர்கள் இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.