எண்ணெய் மேடைக் கால்களில் வளரும் பவளத்தை விட்டுவைக்க முடியாதா?

உட்லண்ட்ஸ் அம்மா:
என் கொழுந்தனார் சரவாக்கிற்கு அப்பால் ஓர் எண்ணெய் மேடையில் வேலை பார்க்கிறார். நீருக்கடியில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார். இரும்புக் கால் முழுக்க ஆரஞ்சு நிறப் பவளம், சுற்றிலும் பாரை மீன் கூட்டம். எண்ணெய் தீர்ந்ததும் மேடையைப் பிரித்துவிடுவார்களாம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், "அந்த மீன்கள் எங்கே போகும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எண்ணெய் எடுக்கும் இடத்தில் பவளம் எப்படி வளர்கிறது? அதை அப்படியே விட்டுவிட முடியாதா?

முக்குளிப்பாளர், துவாஸ்:
சகோதரி, மேடைக் கால்களின் பற்றவைப்பு இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. அதற்கு முதலில் உயர் அழுத்த நீரைப் பாய்ச்சி, ஒட்டி வளர்ந்ததையெல்லாம் வெறும் இரும்பு தெரியும்வரை நீக்க வேண்டும். நகக்கண் அளவு நண்டுகளும் புழுக்களும் உதிரும். அவற்றைத் தின்ன மீன்கள் முகக் கவசத்தை உரசிக்கொண்டு பாயும். எஞ்சிய பவளம் கையின் அசைவு பட்டதுமே தன் மஞ்சள் இழைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மனத்துக்குக் கஷ்டமான வேலை. ஆனால் வளர்ச்சி தடித்தால் கால்களின் எடை கூடும், அலையின் தாக்கமும் கூடும்.

எண்ணெய் குழாய்க்குள் ஓடுகிறது, பவளத்தைத் தொடுவதில்லை. கடலடி சேறும் மணலுமாக இருக்கும் இடத்தில், பவளத்தின் இளம் உயிரி ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் இந்த இரும்புதான். ஆரஞ்சுப் பவளத்துக்கு வெயிலும் தேவையில்லை. நீரோட்டத்தில் வரும் மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும். மேடையை நெருங்கி மீன்பிடிக்கவும் தடை உண்டு.

விட்டுவைக்கும் வழியும் இருக்கிறது. கிணற்றைச் சிமெண்டால் அடைத்து, மேல்தளத்தைக் கரைக்குக் கொண்டுபோய்விட்டு, கால்களை மட்டும் கடலடியில் சாய்த்துவிடுவார்கள். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி திறந்தது. மெக்சிகோ வளைகுடாவில் 500க்கும் மேற்பட்ட மேடைகள் இப்படி மீன்கள் வாழும் செயற்கைப் பாறைகளாகியிருக்கின்றன. உங்கள் கொழுந்தனார் இருக்கும் பக்கத்திலேயே, சரவாக்கின் மிரி நகருக்கு அப்பால், பாரம்-8 மேடை 2004இல் செயற்கைப் பாறையானது.

பொறியாளர், பொங்கோல்:
இதில் பெரிய லாபம் நிறுவனத்துக்குத்தான். பிரிக்கும் செலவு மிச்சம். மீன்கள் அங்கே பெருகுகின்றனவா, வேறிடத்திலிருந்து வந்து கூடுகின்றனவா? பிரேசிலில் 1980களில் எண்ணெய் மேடைகளோடு வந்த இதே வகைப் பவளம் அங்குள்ள பாறைகளை ஆக்கிரமித்துவிட்டதே!

முக்குளிப்பாளர், துவாஸ்:
பிரேசில் விஷயத்தில் உங்கள் கவலை முழுக்க நியாயம். அதனால்தான் இடம்விட்டு இடம் இழுத்துச் செல்லும் மேடைகளைப் புறப்படுமுன் சுத்தம் செய்யச் சொல்கிறோம். நான் பேசுவது பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கும் கால்களைப் பற்றி.

மீன்களைப் பற்றி 2014இல் கலிபோர்னியா ஆய்வு ஒன்று வந்தது. அங்குள்ள மேடைகள் உலகிலேயே மீன் உற்பத்தி மிகுந்த வாழிடங்களில் சேரும் என்றது. எல்லாக் கடலுக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வடகடல் நாடுகள் 1998இலேயே, சில விலக்குகள் தவிர, மேடைகளை முழுமையாக அகற்ற வேண்டும் என்று முடிவெடுத்தன. அங்கேயும் பிரெண்ட் ஸ்பார் என்ற எண்ணெய்த் தொட்டியில் குளிர்நீர்ப் பவளம் வளர்ந்திருந்தது. ஒவ்வொரு மேடையாக இறங்கிப் பார்த்து முடிவெடுங்கள் என்பதே என் வாதம். மிச்சமாகும் பணத்தில் பாதியை அமெரிக்காவின் லூசியானாவில் மாநில நிதிக்குக் கொடுக்கிறார்கள். அதைக் கட்டாயமாக்காமல் எந்த நாடும் அனுமதி தரக் கூடாது.

உட்லண்ட்ஸ் அம்மா:
மிக்க நன்றி, அண்ணா. இங்கே சிங்கப்பூரிலேயே மகளுக்குக் காட்ட ஏதாவது உண்டா? அவளுக்கு நீச்சல் வராது.

முக்குளிப்பாளர், துவாஸ்:
உண்டு. படகுத்துறைகளில் உள்ள மிதவை மேடைகளின் ஓரத்தைப் பாருங்கள். நம் கடல் கலங்கல். சில மீட்டர் ஆழத்துக்கு மேல் வெயில் இறங்காது. மிதவை கடல்மட்டத்தோடு ஏறி இறங்குவதால் அதில் ஒட்டிய, வெயில் தேவைப்படும் வகைப் பவளம் எப்போதும் வெளிச்சத்திலேயே இருக்கும். பல படகுத்துறைகளுக்குள் அனுமதி பெற்றுத்தான் போக முடியும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தண்ணீர் தெளிந்திருக்கும் நாளாகப் பார்த்து அழைத்துப் போங்கள்.