தரம் இறங்கும் மீள்சுழற்சிக்கு ஒரு சொல்

நல்லூர் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பாடசாலைக் கண்காட்சிப் பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். பெட் (PET) என்னும் பிளாஸ்ரிக் போத்தலை அரைத்து, கழுவி, உருக்கி, நாராக இழுத்துத் துணி நெய்கிறார்கள். அந்தத் துணி பெரும்பாலும் திரும்பப் போத்தலாவதில்லை. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பல்பகுதியச் சங்கிலிகள், அதாவது பிளாஸ்ரிக்கின் நீண்ட மூலக்கூறுகள், அறுந்து குட்டையாகின்றன, தரம் இறங்குகிறது. இதையும் வெறுமனே மீள்சுழற்சி என்று எழுதினால், எவ்வளவு வாங்கி எறிந்தாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். எனக்கு அதுதான் கவலை.

கொக்குவில்:
ரீச்சர், 'தேய்சுழற்சி' என்று போடலாம். தேய்பிறை போல வினைத்தொகை. தேய்ந்தது, தேய்வது, இனித் தேயப்போவது மூன்றும் அதற்குள் அடங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

பருத்தித்துறை:
தம்பி, தேய்பிறை மறுபடி வளரும். அறுந்த சங்கிலி வளருமா? அதைவிட, சுழல், சுழி, சுழற்சி எல்லாம் ஒரே வேர். தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வருவதுதான் சுழற்சி. போத்தல் துணியாகி, துணி குப்பைமேட்டுக்குப் போவது இறக்கம். 'படியிறக்கம்' என்பதே சரி. 'மறுசுழற்சி' என்று தமிழ்நாட்டார் எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. மறு என்றால் களங்கம் என்றும் பொருள். 'பிளாஸ்ரிக்' எதற்கு? நெகிழி இருக்கிறதே.

உரும்பிராய் (இரசாயனவியல்):
ஐயா, இரண்டு விடயம். பெட் சங்கிலி வளரும். துகளை உருகவிடாமல், வெற்றிடத்தில் நீண்ட நேரம் சூடாக்கினால் சங்கிலிகள் மீண்டும் இணைந்து நீளும். பழைய போத்தல் புதுப் போத்தலாவது பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே தேய்பிறை உவமை பிழையில்லை. அடுத்தது, பேக்கலைற்று என்ற பிளாஸ்ரிக்கில் செய்த மின் ஆளி (சுவிட்ச்) ஒருமுறை இறுகினால் பிறகு எந்தச் சூட்டிலும் நெகிழாது, கருகும். அதையும் நெகிழி என்பதா?

ரீச்சர், தரம் இறங்குவதற்குப் பெரிய காரணம் கலப்படம். அதையும் எழுதுங்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பெட் தாழும், மூடி மிதக்கும், பிரிப்பது சுலபம். பீவீசி (PVC) என்ற குழாய்ப் பிளாஸ்ரிக்கும் தாழும் என்பதுதான் சிக்கல். பெட் உருகும் ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் பீவீசி சிதைந்து ஐதரசன் குளோரைட்டை விடும். அந்த அமிலம் பெட் சங்கிலியை அறுக்கும்.

சுன்னாகம்:
குப்பை தரம்பிரிக்கிற ஆட்களுக்கு விளங்காத சொல் எனக்கு வேண்டாம். பிரிப்பது அவர்கள்தான். 'நெகிழிப்பை' என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், 'சொப்பின் பை' என்றால் கை தானாகப் போகும். 'தேய்சுழற்சி' பரவாயில்லை, தேய்வது எல்லாருக்கும் தெரியும்.

கொக்குவில்:
அப்படியே உருக்கிய பின் வெட்டும் சிறு மணிகளுக்கும் ஒரு சொல் வேண்டும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கியவையும் இத்தகைய மணிகள்தான். 'குறுணல்' என்றால் என்ன?

உரும்பிராய்:
குறுணல் உடைந்த அரிசி. இவை உடைந்தவை அல்ல, அளவாக வெட்டியவை. 'குறுமணி' நல்லது.

நல்லூர் ஆசிரியை:
சரி, பெரும்பாலானோர் தேய்சுழற்சிக்கே சம்மதம் போலிருக்கிறது. 'தேய்சுழற்சி: தரம் குறைந்துகொண்டே போகும் மீள்சுழற்சி' என்று விளக்கத்தோடு அனுப்புகிறேன். தொட்டிப் படத்தையும் சேர்க்கிறேன். குறுமணியைப் பிறகு பார்ப்போம்.

பருத்தித்துறை:
அனுப்புங்கள் பிள்ளை. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்: திரும்பி வராத ஒன்றுக்குச் சுழற்சி என்ற பெயர் கூடாது.