இது புற்றுக்காளானா, விஷக்காளானா?

மழை விட்டதும் எங்கள் தென்னந்தோப்பில் வெள்ளைக் காளான் கூட்டமாக முளைத்திருக்கிறது. அம்மா புற்றுக்காளான் என்கிறார், எனக்குச் சந்தேகம். புற்றுக்காளானைத் தோண்டினால் தண்டு வேர் போல நீண்டு கரையான் புற்றுக்குள் இறங்கும். இதில் அடி லேசாகப் பருத்து அதோடு முடிந்துவிடுகிறது. தண்டில் வளையம், குடையின் மேல் பழுப்புச் செதில் வேறு. குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து ராத்திரி முழுக்க வைத்தேன், குடையின் அடியிலிருந்து உதிரும் வித்துத்தூள் பச்சையாக விழுந்திருக்கிறது. புற்றுக்காளான் என்றால் இளஞ்சிவப்பாக அல்லவா வர வேண்டும்? அப்படியானால் இது வாந்தி பேதி கொடுக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்தானே?

படங்கள் இணைத்திருக்கிறேன், காளான் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கரண்டி, மஞ்சள்தூள் சோதனையெல்லாம் வேண்டாம், அவை விஷத்தைக் காட்டாது. அப்புறம், மாடு மேயும் இடம் இது. மாட்டுக்கும் ஆபத்தா?