ஆரோக்கியப் பச்சை: தின்றது பழம், விற்றது இலை

அளவுகோல்:
"ஆரோக்கியப் பச்சை மூலிகை மன அழுத்தத்தை விரட்டும் என்பது ஆய்வில் நிரூபணமானது, துளியும் கெடுதல் இல்லை, இலைத்தூளை ரத்தக்கொதிப்பு மாத்திரையோடும் மாதக்கணக்கில் சாப்பிடலாம்" என்று பொதிகைச்சாரல் நேற்று இந்த மன்றத்தில் அடித்து விட்டிருக்கிறார். எந்த ஆய்வில் ஐயா? 1987-இல் பொதிகை என்னும் அகத்தியமலை ஏறிய ஆய்வாளர்களுக்குக் காணிப் பழங்குடி வழிகாட்டிகள் தின்னக் கொடுத்தது பழம். கேரளத்துப் பாலோடு தாவரவியல் பூங்காவினர் தாங்கள் உருவாக்கிய 'ஜீவனி' மருந்தில் சேர்த்தது இலை. பழத்தின் புகழை இலையின் பெயரில் எப்போது பத்திரம் பதிந்தீர்கள்?

பொதிகைச்சாரல்:
சாறு கொடுத்த எலிகள் மற்ற எலிகளைவிடக் கூடுதல் நேரம் நீந்தின. அது ஆய்வில்லாமல் ஆடிப்பெருக்கா?

அளவுகோல்:
எலி களைக்காமல் நீந்தியது உடல் சோர்வின் கணக்கு. கடன்காரனுக்குப் பயந்து தூக்கமிழந்தவனுக்கு அதனால் என்ன? அது கிடக்கட்டும், பழமா இலையா?

கசாயப்பிரியன்:
காணிகள் தலைமுறை தலைமுறையாகத் தின்கிறார்கள். யார் செத்தார்கள்?

அளவுகோல்:
அவர்கள் தின்றதும் பழம்தான். அதுவும் மலையேறிக் களைத்த வேளையில், இலைக்கடியில் ஒளிந்திருப்பதைத் தேடி எடுத்து, நாலைந்து. நீங்களோ இலைத்தூளை மாதக்கணக்கில், ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கச் சொல்கிறீர்கள். ஒரே வேளையில் அதிக அளவு கொடுத்தும் எலி சாகவில்லை என்றால், உடனே கொல்லும் நஞ்சு இல்லை என்று மட்டுமே பொருள். ஈரல், சிறுநீரகம், கருவுற்ற பெண் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சோதனை வேண்டும்.

பொதிகைச்சாரல்:
காணிகள் அறியாத குணத்தை இலையில் கண்டதுதான் விஞ்ஞானத்தின் சாதனை.

அளவுகோல்:
அப்படியானால் காணிகளின் அனுபவத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். பழத்துக்குச் சாட்சி சொன்னவர்கள் இலைக்கும் சொல்வார்களா?

நெல்லைக்காரன்:
ஜீவனியில் அஸ்வகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தியும் இருக்கின்றன. அவற்றை ஏன் எல்லோரும் மறந்துவிட்டீர்கள்?

அளவுகோல்:
அதைத்தான் அடுத்துக் கேட்க இருந்தேன். குறுக்கே விழுந்ததற்கு நன்றி.

கசாயப்பிரியன்:
எங்கள் பொதிகை மூலிகையை மலையாளிகள் கொண்டுபோய்ப் பெயர் வாங்கிவிட்டார்கள். அதைக் கேட்க இங்கே நாதியில்லை.

நெல்லைக்காரன்:
அண்ணாச்சி, வழிகாட்டிய காணிகளே கேரளப் பகுதிக்காரர்கள். 1995-இல் ஜீவனி தயாரிக்க உரிமம் வாங்கியதும் கோவை நிறுவனம்தான். உரிமக் கட்டணம் பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் இரண்டு சதவீதப் பங்கு, அதில் பாதி காணிகளுக்கு. உங்கள் பொதிகைப் பாசம் ஒரு ரூபாயாவது கொடுத்திருக்கிறதா?

பொதிகைச்சாரல்:
ஆளாளுக்கு வக்கீல் ஆகிவிட்டீர்கள். அளவுகோலுக்குச் சித்த மருத்துவம் என்றாலே எரிச்சல். இதே மன்றத்தில் நிலவேம்பு பற்றிய விவாத இழையிலும் இதே கூச்சல் போட்டு, பதில் சொல்ல முடியாமல் ஓடியவர்தானே!

அளவுகோல்:
ஓடவில்லை. மட்டுறுத்துநர் இழையைப் பூட்டினார். பூட்டச் சொல்லிப் புகார் எழுதியவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். இலைக்குப் பதில் சொல்லிவிட்டு நிலவேம்புக்கு வாருங்கள்.

கசாயப்பிரியன்:
புகார் எழுதியது நான்தான். இதற்கும் எழுதுவேன்.